கோடு வரைக்கும் தண்ணீர்

என் அக்காவைத் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் 'ஷட்டர்', முகத்துக்கு நேரே 'ஷட்டர் அக்கா'. ரப்பர் குழாய் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் கேன்டீனில் பத்தொன்பது வருடமாக அவள்தான் தலைமைச் சமையல். மதியம் பன்னிரண்டு பத்துக்கு மணி அடிக்கும். மணிச் சத்தம் அடங்குவதற்குள் கவுண்டரின் தகர ஷட்டர் மேலே போய்விடும். கரண்ட் போன நாளிலும் பன்னிரண்டு பத்துதான், காஸ் தீர்ந்த நாளிலும் பன்னிரண்டு பத்துதான். உதவிக்கு வர வேண்டிய மூன்று பேரும் ஒரே நாளில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டபோது மட்டும் தாமதமாகும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அன்றைக்கு ஒரு நிமிடம் முன்னாலேயே திறந்துவிட்டாள். அது அவளுடைய கோபம்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பத்துக்கு ஒன்று. பத்துப் பேருக்குச் சமைத்தால் பதினோராவது ஆளுக்கும் சாப்பாடு இருக்க வேண்டும். கேன்டீனில் அது தேவைதான். சரக்கு ஏற்ற வந்த லாரி டிரைவர் பசியோடு எட்டிப் பார்ப்பார், இரண்டாம் தடவை தட்டை நீட்டுகிறவன் எப்போதும் ஒருவன் இருப்பான். ஆனால் அந்தப் பழக்கம் அவள் கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அதனால் எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் எண்ணிச் சாப்பிட்டதே கிடையாது. அக்கா சமைத்தால் சட்டியின் அடியில் இன்னும் இருக்கும். அதில் எங்களுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. நாங்கள் கெட்டுப்போனதற்கு அது முதல் காரணம். இரண்டாவது காரணம் எங்கள் வயிறு.

வருடத்துக்கு ஒரு சனி ஞாயிறு நாங்கள் ஆறு பேர் கூடாரம் போட்டுத் தங்கப் போவோம். அக்கா, அவள் கணவரான மாமா, எங்கள் இருவருக்கும் மூத்த அண்ணன், அண்ணி, நான், என் மனைவி. மாமா பஸ் ஓட்டுகிறவர். அண்ணன் தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் உத்தரவு போடுவதில் இருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். காரில் இரண்டு மணி நேரம். ஓர் ஆற்றங்கரை, கூடாரம் அடிக்கச் சமமான புல்வெளி, அதற்கு நேர் மேலே ஒரு மொட்டைப் பாறை. பாறையின் உச்சிக்குப் போனால் மறுபக்கம் ஏரி தெரியும். நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம், நிறையத் தடவை. அண்ணி அந்த ஏரியைப் பின்னால் வைத்து எடுத்துக்கொண்ட படம் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது.

ஒன்பது வருடத்தில் அக்கா மட்டும் பார்க்கவில்லை. அவளை யாரும் தடுக்கவில்லை. முதல் வருடம் விறகு நனைந்துவிட்டது, ஊதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வருடம் பயறு வேக மாட்டேன் என்று அடம் பிடித்தது. அப்புறம் ஒரு வருடம் அண்ணிக்கு வயிறு சரியில்லை, தனியாகக் கஞ்சி. ஆறாவது வருடம் பாதி வழி ஏறிவிட்டாள். அப்போது கீழேயிருந்து ஒரு குரல், "அக்கா, உப்பு எங்க?" என்று கத்தியது. அவள் இறங்கி வந்தாள். உப்பு, அது எப்போதும் இருக்கிற பையின் பக்கவாட்டு ஜிப்பில் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு, இனி ஏறி இறங்க நேரமில்லை, அடுப்பில் வேலை இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். கத்தியது யார் என்று பூசி மெழுகுவானேன். நான்தான்.

இந்த வருடம் டாக்டர் அவளுடைய வலது முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார். அதன் பிறகு நடக்கலாம், படி ஏறலாம், ஆனால் மலை, பாறை என்று போகக் கூடாது, மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். தேதி, நாங்கள் கூடாரம் போகும் வாரத்துக்குப் பத்து நாள் தள்ளி விழுந்தது. அன்று மாலை எங்கள் எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொன்னாள். சாப்பாடு பரிமாறி முடித்து, எல்லாரும் கை கழுவி வந்த பிறகுதான் பேசினாள்.

"இந்த வருஷம் ஞாயித்துக்கிழமை காலைல நான் பாறைக்கு மேல போறேன். ஏரியப் பாத்துட்டுத்தான் வருவேன். அதுக்கு ஏத்த மாதிரி சாப்பாடு போடப் போறேன். யாரும் குறுக்க பேசாதீங்க."

நாங்கள் யாரும் குறுக்கே பேசவில்லை. அண்ணன் மட்டும், "தாராளமா போ, யாரு வேணாங்கறா" என்றார். ஒன்பது வருடமாக யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதுதானே சங்கதி.

மறுநாளே பிரிட்ஜின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. கேன்டீன் சுவரில் ஒட்டுகிற அதே மாதிரித் தாள், அதே மாதிரிக் கட்டங்கள். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நிமிட வேலை, எத்தனை பாத்திரம், யார் பொறுப்பு. முந்நூற்று நாற்பது பேருக்கு வாரம் ஆறு நாள் திட்டம் போடுகிறவளுக்கு ஆறு பேருக்கு இரண்டு நாள் என்பது ஊதித் தள்ளுகிற விஷயம் என்று நினைத்தேன். அந்தத் தாளோடு அவள் நான்கு வாரம் மல்லுக்கு நின்றாள். எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். கேன்டீனில் அவள் போடும் திட்டத்தில் சமைக்கிறவள் அவள். இதில் அவள் சமைக்கவே கூடாது. அங்கேதான் சிக்கல்.

அவள் வைத்துக்கொண்ட விதிகள் இவை. அங்கே போய் எதையும் நறுக்கக் கூடாது. நின்று கிளற வேண்டிய எதுவும் கூடாது. ஒரு வேளைக்கு ஒரு பாத்திரத்துக்கு மேல் கூடாது. இருபது நிமிடத்துக்கு மேல் எதற்கும் அடுப்பு எரியக் கூடாது. கடைசி விதிதான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. பத்துக்கு ஒன்று கிடையாது.

ஏன் என்று மாமா கேட்டிருக்கிறார். மிச்சம் இருந்தால் அதை மூடி வைக்க ஓர் ஆள் வேண்டும், எறும்பு வராமல் பார்க்க வேண்டும், மறுபடி சுட வைக்க வேண்டும், அந்தப் பாத்திரத்தைக் கழுவ வேண்டும், அந்த ஆள் எப்போதும் நான்தான் என்றாளாம். அவர் மேற்கொண்டு பேசவில்லை. நல்ல மனிதர். பஸ் ஓட்டுகிறவர்களுக்கு எங்கே பிரேக் போட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்ததும் ரொட்டி, அவித்த முட்டை, வெள்ளரிக்காய். பாத்திரம் எதுவும் வேண்டாம். மாலை ஆறு மணிக்குக் காய்கறி சூப்பும் உருளைக்கிழங்கும். சூப்பை முன்கூட்டியே காய்ச்சி, தண்ணீர் பாட்டில்களில் ஊற்றிக் கல் மாதிரி உறைய வைத்தாள். ஐஸ் பெட்டிக்குத் தனியாக ஐஸ் வாங்க வேண்டாம், பாட்டிலே குளிர் கொடுக்கும், மாலைக்குள் இளகிவிடும், சட்டியில் கவிழ்த்துச் சுட வைத்தால் போதும். உருளைக்கிழங்கை வீட்டிலேயே முக்கால் வேக்காடு அவித்து, உப்பும் வெண்ணெயும் தடவி, அலுமினியத் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றினாள். தணலில் போட்டு எடுக்க வேண்டியதுதான். ஞாயிறு காலை ஏழு மணிக்கு முட்டைப் பொரியல் வைத்த பன், ஆளுக்கு இரண்டு, மொத்தம் பன்னிரண்டு. அடுப்பே மூட்ட வேண்டாம், தேநீருக்கு மட்டும் கொஞ்சம் தண்ணீர். அந்தப் பன்னிரண்டு பன்தான் அவளை மேலே கொண்டுபோகப் போகும் வண்டி.

ஞாயிறு மதியத்துக்கு அரிசியும் பருப்பும். வறுத்துக் காய வைத்த வெங்காயம், மிளகுத்தூள், உப்பு எல்லாம் ஒரே பையில் கலந்து கட்டியாகிவிட்டது. தண்ணீர் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அவள் கை பார்த்து ஊற்றுகிறவள், மற்றவர்களுக்கு அந்தக் கை கிடையாது. எனவே பால்கனியில் கூடார அடுப்பை வைத்து நான்கு தடவை சமைத்துப் பார்த்தாள். மூன்று தடவை தண்ணீர் சரியில்லை. நான்காம் தடவை பதம் வந்ததும், பாத்திரத்தின் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறினாள். பையைக் கொட்டு, கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்று, மூடு, இருபது நிமிடம். ஐந்தாம் தடவை மாமாவைச் செய்ய வைத்து, தான் உள்ளறையில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். மாமா இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார், பதில் வரவில்லை. சாப்பாடு நன்றாக வந்தது.

நான் ஒரு நாள் அந்தத் தாளை நின்று படித்தேன். 'யார்' என்ற கட்டத்தில் மாமா, அண்ணன், தம்பி, அண்ணி, தம்பி மனைவி எல்லாரும் இருந்தோம். 'நான்' என்று ஒரு இடத்திலும் இல்லை. கீழே ஒரு வரி மட்டும் புரியவில்லை. 'ஞாயிறு, காலை 8.00, உருளைக்கிழங்கு 2, பாத்திரம் இல்லை.' யார் என்ற கட்டம் காலியாக இருந்தது. ஏழு மணிக்கு பன் இருக்கும்போது எட்டு மணிக்கு எதற்கு உருளைக்கிழங்கு, அதுவும் ஆறு பேருக்கு இரண்டு? ஷட்டருக்கே கணக்கு தப்பிவிட்டது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று பெட்டியைக் காரில் ஏற்றும்போது எல்லார் முகத்தையும் பார்த்து ஒரு தடவை சொன்னாள். "இந்தத் தடவ எண்ணித்தான் வச்சிருக்கேன். கூட ஒண்ணும் கிடையாது." நாங்கள் சிரித்தோம். அண்ணி என் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்தொன்பது வருடம் பதினோராவது சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், ஒரு வாக்கியத்துக்காகத் திருந்திவிடுவோமா?

மதியச் சாப்பாடு தாளில் எழுதியபடியே நடந்தது. அப்புறம் ஆற்றில் குளித்தோம். குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறிவிட்டு வெளியே வந்தால் எப்படிப் பசிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாலு மணி. மாமா கூடாரத்துக்குள் உறங்கிக்கொண்டிருந்தார். அக்கா பாறைக்குப் போகும் பாதையின் தொடக்கம் வரை நடந்து, முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரப் போயிருந்தாள். அண்ணன் ஈரத் துண்டோடு ஐஸ் பெட்டியைத் திறந்தார். அலுமினியத் தாளில் சுற்றிய பன் வரிசையாக இருந்தது. "இதெல்லாம் எக்ஸ்ட்ராதான், காலைக்கு அடியில தனியா இருக்கும்" என்றார். அடியில் இருக்கிறதா என்று யாராவது கையை விட்டுப் பார்த்தோமா? இல்லை. அக்கா கட்டிய பெட்டி, இல்லாமல் எங்கே போகும்? அண்ணன், அண்ணி, நான், என் மனைவி, ஆளுக்கு மூன்று. பிரமாதமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆறு மணிக்குச் சூப்பு பாட்டில்களை மாமாவிடம் எடுத்துக் கொடுக்க அக்கா பெட்டியைத் திறந்தாள். கையை உள்ளே விட்டாள். இந்த மூலை, அந்த மூலை, பாட்டில்களுக்கு அடியில். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, பன் எங்கே என்று கேட்டாள். என் மனைவிக்குத்தான் முதலில் உறைத்தது, தலையைக் குனிந்துகொண்டாள். நாலு மணிக்கு எடுத்துச் சாப்பிட்டோம், எக்ஸ்ட்ரா என்று நினைத்தோம் என்று அண்ணன் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பெட்டியின் மூடியை மெதுவாக மூடினாள். அண்ணிதான், "பரவாயில்ல விடு, காலைல நீ ஒரு அரை மணி நேரம் முன்னாடி எழுந்து ஏதாச்சும் பண்ணிக் குடுத்துட்டு அப்புறம் போயேன்" என்றார். ஒன்பது வருடமும் இப்படித்தான் ஆரம்பித்தது. அரை மணி நேரம்.

"காலைச் சாப்பாட்ட நாலு மணிக்கே சாப்பிட்டாச்சே அண்ணி" என்றாள் அக்கா. "நான் ஆறு மணிக்குக் கெளம்பறேன்."

அவ்வளவுதான் பேசினாள். இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து, ஞாயிறு ஏழு மணி என்ற வரியைப் பென்சிலால் அடித்தாள். மறுபடி மடித்துச் செருகிக்கொண்டாள். சூப்பு நன்றாக இருந்தது. யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

மறுநாள் காலை கூடாரத்தின் துணியை விலக்கிப் பார்த்தபோது வெளிச்சம் வந்திருந்தது, ஆனால் பாறை தெரியவில்லை. மேலே முழுக்கப் பனிமூட்டம். அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். மாமா மண்டியிட்டு அவள் முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். இறுக்கமாக இருக்கிறதா, தளர்வாக இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டார். கூட வரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம், தன் கால் போகிற வேகத்தில் போக வேண்டும், பக்கத்தில் ஆள் இருந்தால் அவசரம் வந்துவிடும் என்றாள். தோளில் ஒரு சின்னப் பை, கையில் ஒரு கம்பு. பனி இருக்கிறதே என்று அவர் சொன்னதற்கு, பனி அதன் வேலையைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஏழு மணிக்கு மாமா தேநீர் போட்டார். ஏழேகாலுக்கு எங்கள் வயிற்றுக்குள் எலி ஓட ஆரம்பித்தது. பெட்டியில் மதியத்துக்கான அரிசிப் பை ஒன்றுதான் பாக்கி. அதை இப்போது செய்து சாப்பிட்டுவிடலாம், மதியத்துக்கு முன்னால் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம் என்று முடிவானது. இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் ஐந்து பேர் அந்தப் பையைச் சுற்றி, அது வெடித்துவிடும் போல நின்றோம். தண்ணீர் எவ்வளவு என்று அண்ணி கேட்டார். பாத்திரத்துக்குள் கோடு இருக்கிறது என்றாள் என் மனைவி. அது அவளுக்குத் தெரிந்த கணக்கு, நாம் ஊற்றினால் குழைந்து போகும், இருப்பதும் போய்விடும் என்றார் அண்ணன். வீட்டில் ஒருமுறை செய்திருக்கிறேன், சரியாகத்தான் வந்தது என்று மாமா சொன்னதை யாரும் கேட்கவில்லை. அண்ணன் மேலே பார்த்து இரண்டு தடவை உரக்கக் கூப்பிட்டார். அந்தப் பாறையில் குரல் நன்றாக ஏறும். பதில் வரவில்லை.

"நீ போய்க் கூட்டிட்டு வாடா" என்றார் என்னிடம். "மேல போறதுதான உன் தொழில்."

மாமா, "அவள விட்டுடுங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தண்ணீர் அளவை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன், அவளைத் தொந்தரவு செய்யப் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த மாதிரிச் சமாதானங்களுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை.

லிஃப்ட் மெக்கானிக் மேலே போவது மோட்டார் இழுத்து. சொந்தக் காலில் ஏறும்போது பாதி வழியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அங்கே ஒரு சமமான கல் உண்டு. ஆறாவது வருடம் நான் கத்தியபோது அக்கா அதற்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அந்தக் கல்லைப் பார்த்ததும் எனக்கு உடம்பு கூசிப்போனது. ஆனாலும் திரும்பவில்லை, ஏறினேன். பசி என்பது அப்படிப்பட்ட அல்பம்.

உச்சியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வெள்ளை, வெறும் வெள்ளை. அக்கா பாறையின் விளிம்புக்குச் சற்று முன்னால், வலது காலை நீட்டி, ஏரி இருக்க வேண்டிய திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பட்டை கட்டிய முழங்கால் நன்றாக வீங்கியிருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"நாங்க கூப்ட்டது கேக்கலையாக்கா?"

"கேட்டுச்சு."

நான் நின்றேன். இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்டேன். மதியத்துக்கு வைத்த அரிசியை இப்போதே போடலாம் என்று இருக்கிறோம், தண்ணீர் எவ்வளவு என்று அண்ணன் கேட்டு வரச் சொன்னார் என்றேன்.

அவள் அப்போதுதான் திரும்பினாள். கோபம் இல்லை. பன்னிரண்டு பத்துக்கு முன்னால் ஷட்டரைத் தட்டுகிறவர்களைப் பார்க்கிற முகம்.

"பாத்திரத்துல கோடு போட்டு வச்சிருக்கேன்" என்றாள். "அது எனக்காகப் போட்ட கோடாடா?"

பால்கனியில் நான்கு வாரம், ஐந்து தடவை சமையல், ஆணியைப் பிடித்துக் கீறிய அந்தக் கை. அவளுக்குக் கோடு எதற்கு? அவளைக் கேட்காமலேயே நாங்கள் சமைப்பதற்காகப் போட்ட கோடு அது. அதைக் கேட்கத்தான் நான் அவள் முன்னால் வந்து நிற்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஒக்காரு. இல்ல, போறதுன்னா போ" என்று மறுபடி வெள்ளையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் பையைத் திறந்தாள். அலுமினியத் தாளில் சுற்றிய இரண்டு உருளைக்கிழங்கு. ஒன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை என் பக்கம் நீட்டினாள்.

எனக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. ஞாயிறு எட்டு மணி, உருளைக்கிழங்கு இரண்டு, யார் என்ற கட்டம் காலி. கடிகாரத்தைப் பார்த்தேன், எட்டு அடிக்க நான்கு நிமிடம்.

"இது யாருக்குக்கா வச்சது?"

"என்னைக் கூப்ட யாராச்சும் ஒருத்தர் வருவீங்க இல்ல, அவங்களுக்கு" என்றாள். "யாருன்னுதான் தெரியல. அதான் எழுதாம விட்டேன்."

அந்த வருடம் அவள் கூடுதலாக வைத்தது அது ஒன்றுதான். பத்துக்கு ஒன்று இல்லை, மொத்தத்துக்கும் ஒன்று. நாங்கள் பன்னைத் தின்பதற்கு நான்கு வாரம் முன்னாலேயே, நாங்கள் எப்படியும் ஏதாவது ஒரு காரணத்தோடு மேலே வருவோம் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். வருகிறவனுக்குப் பசிக்கும் என்றும் போட்டிருக்கிறாள். தாளைப் பிரித்து உருளைக்கிழங்கைக் கடித்தேன். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள்.

அவள் கணக்குப்படி எட்டேகாலுக்கு இறங்க வேண்டும். முழங்கால் மெதுவாகத்தான் இறங்கும், மதியத்துக்குள் கூடாரம் பிரிக்க வேண்டும். எட்டேகால் ஆனது. பனி அப்படியே இருந்தது. எட்டரை ஆனது. பத்தொன்பது வருடத்தில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதவள், கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், அதைக் கழற்றினாள், பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். இறங்கலாமா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. கேட்கவும் தோன்றவில்லை. அவள் அன்று அந்தப் பனியோடு ஒரே பிடியாக உட்கார்ந்திருந்தாள், முதலில் யார் போகிறார்கள் பார்க்கலாம் என்கிற மாதிரி.

முதலில் எங்களுக்கு நேர் கீழே ஒரு மரத்தின் தலை தெரிந்தது. அப்புறம் மரங்கள். வெள்ளை அடியில் இருந்து மெல்ல மேலே ஏறியது. கரை தெரிந்தது, கரையோரம் ஒரு படகு, அப்புறம் தண்ணீர். இவ்வளவு பெரிய ஏரி என்று எனக்கே மறந்துவிட்டிருந்தது. நான் கடைசியாக எப்போது இதைப் பார்த்தேன், படம் எடுப்பதற்கு அல்லாமல்?

அக்கா கம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வெகுநேரம் கழித்து, "மணி என்ன?" என்றாள். எட்டு நாற்பத்தைந்து என்றேன்.

"ரொம்ப லேட்டாத்தான் தொறக்கறாங்க" என்றாள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள், ஆனால் கண்ணை ஏரியில் இருந்து எடுக்கவில்லை. கன்னம் நனைந்திருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

பின்பக்கம், எங்கள் கூடாரம் இருக்கும் பக்கத்தில் இருந்து, லேசாக வறுத்த வெங்காய வாசனை ஏறி வந்தது. அடி பிடித்த வாசனை இல்லை. மாமா யாரையும் கேட்காமல் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டார் என்று புரிந்தது. சற்று நேரத்தில் அண்ணனின் குரல் வந்தது. பாறையில் மோதி, தெளிவாக வந்தது.

"கரண்டி எங்கம்மா?"

அக்காவின் தோள் ஒரு கணம் விறைத்தது. பழக்கம், அவ்வளவு சுலபத்தில் போகாது. நான் எழுந்தேன். கூடாரம் தெரிகிற விளிம்புக்குப் போய், இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, "பையோட சைடு ஜிப்புல பாருங்க!" என்று கத்தினேன். கரண்டி அங்கேதான் இருக்கிறதா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. இல்லையென்றால் தேடட்டும்.

திரும்பி வந்து பார்த்தேன். அக்கா மடியில் இருந்த உருளைக்கிழங்கின் தாளைப் பிரித்து, ஏரியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடத் தொடங்கியிருந்தாள்.